பேக்ஸ் வந்த பிறகு கதிரியல் மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது?

கேட்டவர் ஒரு மருத்துவக் கல்லூரியின் கதிரியல் துறையில் உதவிப் பேராசிரியர். துறைக்கு பேக்ஸ், அதாவது ஸ்கேன் படங்களைச் சேமித்துத் திரையில் எடுத்துப் பார்க்கும் கணினி அமைப்பு, வந்துவிட்டது. சி.டி., எம்.ஆர்.ஐ., டிஜிட்டல் எக்ஸ்ரே எல்லாம் சர்வரில் சேர்கின்றன. பழைய டீச்சிங் ஃபிலிம்கள் அலமாரியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எம்.டி. மாணவர்களோ வாட்ஸ்அப்பில் வரும் படங்களை வைத்துத்தான் படிக்கிறார்கள். சர்வரில் இருப்பதை வைத்து முறையாகப் பாடம் நடத்துவது எப்படி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தொகுப்புகளே போதும் என்கிறார்களே, அது சரியா என்பது அவர் கேள்வி.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. வெளித் தொகுப்புகள் பலவும் பிரமாதமானவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கதிரியல் மாணவர் கற்க வேண்டியவை இரண்டு வேலைகள். கண்ணெதிரே தெரியும் மாற்றத்துக்குப் பெயர் சொல்வது ஒன்று. ஒரு ஸ்கேனின் ஐந்நூறு ஸ்லைஸ்களுக்குள் (உடலின் குறுக்குவெட்டுப் படங்களுக்குள்) மாற்றம் இருக்கிறதா, இருந்தால் எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பது இன்னொன்று. வெளித் தொகுப்புகளில் பெரும்பாலானவை முதல் வேலைக்குத்தான் பயிற்சி தருகின்றன. இரவு டியூட்டியில் ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவது வேலை. கதிரியல் பிழைகளில் பெரும்பகுதி, பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருவதில்லை. கண்ணில் படாமலே போனதால் வருகிறது. அந்தத் தேடலைப் பழக்க உங்கள் துறையின் சர்வரை விட நல்ல இடம் கிடையாது.

பழைய டீச்சிங் ஃபைல் கல்யாண ஆல்பம் மாதிரி. எல்லாரும் நன்றாக விழுந்த படங்கள்தான் அதில் ஏறும். கண்ணை உறுத்துகிற ஹைடாடிட் கட்டி, புத்தகத்தில் வரைந்தது போன்ற மிலியரி காசநோய், அம்புக்குறி போட்ட எலும்பு முறிவு. அதே ஆல்பத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு டிஜிட்டல் கற்பித்தல் என்று பெயர் வைக்கிற துறைகள் நிறைய. அதனால் எதுவும் மாறுவதில்லை. ஒரு படத்துக்குப் பதிலாக முழு ஆய்வையும் மாணவர் கையில் கொடுக்க முடிவதுதான் பேக்ஸ் தந்த மாற்றம். முழு ஆய்வு என்றால் எல்லா ஸ்லைஸ்களும், எல்லா சீரிஸ்களும், முந்தைய ஸ்கேன்களும், பிந்தைய ஸ்கேன்களும்.

ஸ்கேனர் தரும் மூல வடிவமான டைகாம் கோப்பாகவே கொடுக்க வேண்டும், சாதாரண போட்டோ வடிவமான ஜேபெக் ஆக மாற்றக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும், அங்கே உள்ளது எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. தண்ணீர் 0, காற்று −1000, கெட்டியான எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். கோப்பில் பொதுவாக 4096 படிகள் வரை இருக்கும். அத்தனை சாம்பல் நிறங்களைக் கண் பிரித்தறியாது என்பதால் விண்டோ வைத்து, அதாவது எண்களில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறோம். மூளைக்கு அகலம் 80, மையம் 40 என்று வைத்தால் 0 முதல் 80 வரை உள்ளவை மட்டுமே சாம்பலாகப் பிரியும். அதற்கு மேல் எல்லாமே வெள்ளை. மண்டையோட்டை ஒட்டி மெல்லிய சப்டூரல் (மூளை உறைக்கு அடியிலான) ரத்தக்கசிவு ஒன்று 65, 70 அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விண்டோவில் அது கிட்டத்தட்ட வெள்ளையாகி எலும்போடு சேர்ந்து மறைந்துவிடும். அகலத்தை 200 பக்கம் கொண்டுபோய், மையத்தையும் கொஞ்சம் ஏற்றினால் ரத்தம் சாம்பலாகவும் எலும்பு வெள்ளையாகவும் பிரிந்து நிற்கும். தொடக்கநிலை பக்கவாதத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே வித்தியாசமே சில எண்கள்தான், அதனால் அகலத்தை 40க்குக் குறைக்க வேண்டும். அப்போதுதான் மூளையின் உட்பகுதிகளில் லென்டிஃபார்ம் நியூக்ளியஸின் ஓரம் மங்கியிருப்பதும், இன்சுலாவின் பட்டை அழிந்திருப்பதும் தெரியும்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மௌஸைப் பிடித்து இழுத்து, இல்லாத ரத்தம் திடீரென்று தோன்றுவதைத் தன் கண்ணால் பார்த்த மாணவருக்கு அது பிறகு மறக்காது. ஜேபெக் ஆக்கினால் 256 படிகள்தான் மிச்சம், விண்டோவும் ஏற்கெனவே தேர்வாகிவிட்டது. தேர்ந்தெடுத்தவர் விடை தெரிந்தவர். நூற்றுக்கணக்கான ஸ்லைஸ்களில் எது முக்கியம் என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். மாணவர் செய்ய வேண்டிய வேலையில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துபோகிறது.

டைகாம் படங்களைத் திறக்கும் வியூவர் மென்பொருள் வாங்கப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983ல் குழு அமைத்து, 1985ல் முதல் வடிவத்தை வெளியிட்டு, 1993ல் டைகாம் என்ற பெயரில் நிலைப்படுத்திய தரம் இது. எந்தக் கம்பெனி ஸ்கேனர் எடுத்த படமும் எந்த வியூவரிலும் திறக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. வீசிஸ் என்ற வியூவர் இலவசம். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹோரோஸ் இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும் ஓஎச்ஐஎஃப் இருக்கிறது.

சரி, வகுப்பு எப்படி நடக்க வேண்டும்? நான் பரிந்துரைப்பது இது. போன மாதத்து அவசரப் பிரிவு பட்டியலிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆய்வுகளை எடுங்கள். அழகான கேஸ்களைத் தேடிப் பொறுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது நார்மலாக இருக்கட்டும். ஓரிரண்டில் நோயாளி அசைந்து படம் கலங்கியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் டியூட்டியில் வருவது அதுதான். அன்று ஸ்கேன் சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே கொடுங்கள்: "வயிற்று வலி, அப்பென்டிசைட்டிஸா?" என்று இருந்தால் அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். மாணவர் தனியாக உட்கார்ந்து ஸ்க்ரோல் செய்து, மூன்று வரியில் ரிப்போர்ட் எழுதிப் பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும். வாய்வழி பதில் வேண்டவே வேண்டாம். வாயால் சொல்லும்போது மாணவர் படத்தைப் பார்ப்பதை விட ஆசிரியரின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார். "கல்லீரல்ல... இல்ல சார், மண்ணீரல்ல..." என்று நம் புருவம் போகும் திசையில் பதிலும் நகரும். எழுதிக் கொடுத்த பிறகு அன்றைய ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அப்புறம் அறுவைசிகிச்சைக் குறிப்பு, பயாப்ஸி முடிவு, ஒரு வாரம் கழித்து எடுத்த ஸ்கேன்.

முதல் சில வாரங்கள் நார்மல் ஸ்கேன்களில்தான் அதிகம் சறுக்குவார்கள். பாடத்தில் இதுவரை காட்டிய ஒவ்வொரு படத்திலும் நோய் இருந்திருக்கிறது; அதனால் இதிலும் ஏதாவது இருந்தே தீர வேண்டும் என்று மனம் தேடும். குழந்தையின் நெஞ்சில் இயல்பாகவே இருக்கும் தைமஸ் சுரப்பி மீடியாஸ்டினக் கட்டியாகிவிடும். மண்டையோட்டில் ரத்தக்குழாய் பதிந்த தடம் எலும்பு முறிவாகிவிடும். சிலருக்கு இயல்பாகவே நுரையீரலில் இருக்கும் அசைகஸ் மடலின் கோட்டுக்கு விதவிதமான நோய்ப் பெயர்கள் வரும். இது நல்ல விஷயம். "நார்மல்" என்று தைரியமாகக் கையெழுத்துப் போடுவதுதான் கதிரியலில் கஷ்டமான ரிப்போர்ட். அதைப் பழக நூற்றுக்கணக்கான நார்மல்கள் வேண்டும். வெளித் தொகுப்புகளில் அவை குறைவு. உங்கள் சர்வரில் தினமும் குவிகின்றன.

தேடல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மாணவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்லலாம். பாஸ்டனைச் சேர்ந்த டிராஃப்டன் டுரூவும் சகாக்களும் 2013ல் வெளியிட்டது. 24 கதிரியலாளர்களிடம் நெஞ்சு சி.டி.யைக் கொடுத்து நுரையீரலில் நோட்யூல்களை, அதாவது சின்னச் சின்ன உருண்டைக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு ஸ்கேனுக்குள் கொரில்லா படம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். சராசரி நோட்யூலைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, தவறவிட்டவர்களில் பலர் அந்த இடத்தையே நேராகப் பார்த்திருந்தது தெரிந்தது. நோட்யூலைத் தேடப் போனவர்களுக்கு நோட்யூல் மட்டும்தான் தெரிந்தது.

இதன் இன்னொரு முகம், ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது. விபத்தில் அடிபட்டவரின் வயிற்று சி.டி.யில் மண்ணீரல் கிழிசலைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், மேல் ஸ்லைஸ்களில் நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கும் நிமோதோராக்ஸை (நுரையீரலைச் சுற்றிக் கசிந்த காற்றை) மாணவர் பார்க்க மாட்டார். லங் விண்டோவுக்கு மாற்றினால்தானே அது பளிச்சென்று தெரியும்! ஆகவே உங்கள் பட்டியலில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கும் கேஸ்கள் சில கட்டாயம் இருக்கட்டும். எத்தனை என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

பேக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது பின்னோக்கிப் போக முடிவது. இன்று நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியான ஒருவர், இரண்டு வருஷம் முன்பு வேறு ஏதோ ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே சர்வரில் இருக்கும். காறை எலும்புக்குப் பின்னாலோ இதயத்தின் நிழலுக்குள்ளோ ஒரு சின்னப் புள்ளி இருந்திருக்கலாம். அந்தப் பழைய எக்ஸ்ரேயை முதலில் கொடுங்கள், விடையைச் சொல்லாமல். இதை விட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: ரிப்போர்ட் எழுதியவரின் பெயரை அழித்துவிட வேண்டும். யார் எழுதியது என்ற கேள்வி வகுப்பில் ஒரு தடவை எழுந்துவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து சக ஆசிரியர்கள் யாரும் கேஸ் தர மாட்டார்கள்.

இனி வெளித் தொகுப்புகள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2005ல் ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் கைலார்டு தொடங்கிய ரேடியோபீடியா, ஒரு நோயின் பல முகங்களை அடுத்தடுத்துப் பார்க்க ஏற்றது. பெரும்பாலான கேஸ்களில் ஸ்க்ரோல் செய்யலாம். ஐரோப்பியக் கதிரியல் சங்கத்தின் யூரோராட் மதிப்பாய்வு செய்யப்பட்ட கேஸ்களைக் கொண்டது. விவாதப் பகுதியை நன்றாக எழுதியிருப்பார்கள், கட்டுரை எழுதப் பழகும் மாணவர்களுக்கும் உதவும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்பிக்ஸும் இலவசம்.

முழு ஆய்வுகள் வேண்டுமென்றால் கேன்சர் இமேஜிங் ஆர்கைவுக்குப் போங்கள். அதிலுள்ள எல்ஐடிசி என்ற நெஞ்சு சி.டி. தொகுப்பை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். 1018 ஸ்கேன்கள், ஒவ்வொன்றையும் நான்கு கதிரியலாளர்கள் படித்துக் குறித்திருக்கிறார்கள். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள நோட்யூல் என்று ஒருவராவது குறித்தவை 2669. நான்கு பேரும் ஒத்துக்கொண்டவை 928 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கை விடச் சற்று அதிகம்! சீனியர் சொன்னால் அதுவே வேதம் என்று நினைக்கும் முதலாம் ஆண்டு மாணவருக்கு இந்த எண்களைக் காட்டி, நால்வரும் முரண்பட்ட நோட்யூல்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தன்னுடைய தயக்கம் அறியாமை மட்டுமல்ல என்று அவருக்குத் தெரியட்டும்.

தலை சி.டி.க்கு இந்தியாவிலிருந்தே ஒரு நல்ல தொகுப்பு இருக்கிறது. க்யூர் ஏஐ நிறுவனம் டெல்லி மையம் ஒன்றுடன் சேர்ந்து 2018ல் வெளியிட்ட சிக்யூ500. 491 ஸ்கேன்கள், ஒவ்வொன்றையும் மூன்று கதிரியலாளர்கள் தனித்தனியாகப் படித்தது. டியூட்டிக்குப் போகும் முன் ஒரு மாணவர் இதில் பாதியையாவது முடித்துவிட்டால் நல்லது.

எக்ஸ்ரே தொகுப்புகளில்தான் எச்சரிக்கை தேவை. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகங்கள் 2017ல் வெளியிட்ட செஸ்ட்எக்ஸ்ரே14 தொகுப்பில் 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள் உள்ளன. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நோய்ப் பெயர்களைக் கதிரியலாளர்கள் படத்தைப் பார்த்து ஒட்டவில்லை; ரிப்போர்ட்டுகளிலிருந்து மென்பொருள் பிரித்தெடுத்தது. நிமோதோராக்ஸ் என்று குறித்த படங்களில் பலவற்றில் காற்றை வெளியேற்ற ஏற்கெனவே டியூப் போட்டிருக்கும். மாணவர் கற்றுக்கொள்வது நிமோதோராக்ஸையா டியூபையா என்று சொல்ல முடியாது. படங்களும் 1024க்கு 1024 என்று சுருக்கப்பட்டவை. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கச் சேர்த்த தொகுப்பை அப்படியே மனிதருக்குப் பாடமாக வைத்தால் இந்தச் சிக்கல் வரும். அதே வகையில் பாஸ்டனின் மிமிக் தொகுப்பு மேல். 3,77,110 எக்ஸ்ரே படங்கள், கூடவே கதிரியலாளரின் ரிப்போர்ட்டும் கிடைக்கும். ஆனால் இணையப் பயிற்சி ஒன்றை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு மட்டும்தான். நீங்கள் வாங்கி மாணவர்களுக்குப் பென்டிரைவில் கொடுக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று, அமெரிக்க, ஐரோப்பியத் தொகுப்புகளில் வரும் நோயாளிகள் நம் வார்டுக்கு வருபவர்கள் இல்லை. காசநோய்க்கு ஷென்சென் தொகுப்பின் 662 படங்களும் மான்ட்கமரியின் 138 படங்களும் இருக்கின்றன, முன்னிருந்து எடுத்த எக்ஸ்ரே மட்டும். முதுகெலும்பில் காசநோய், குடலில் காசநோய், மூளையில் டியூபர்குலோமாவா (காசநோய்க் கட்டியா) நியூரோசிஸ்டிசர்கோசிஸா (நாடாப்புழுத் தொற்றா) என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் எம்.ஆர்.ஐ., மருந்து கொடுத்து ஆறு மாதம் கழித்து எடுத்த படம், இவற்றுக்கு உங்கள் சர்வரைத்தான் திறக்க வேண்டும்.

திறக்கும் முன் பெயர் நீக்கும் வேலை. இதில் எல்லாரும் நினைப்பதை விட ஓட்டைகள் அதிகம். நோயாளியின் பெயர், எண், பிறந்த தேதி ஆகியவை கோப்பின் தலைப்பில் தெரிந்த இடத்தில் இருக்கும், எளிதில் போய்விடும். எதை எதை நீக்க வேண்டும் என்ற பட்டியலே டைகாம் தரத்தின் 15ஆம் பகுதியில் இருக்கிறது. தொல்லை தருபவை மற்றவை. கருவி தயாரித்த கம்பெனிகள் தங்கள் வசதிக்குச் சேர்க்கும் தனிப்பட்ட குறியீடுகளுக்குள் பெயர் ஒளிந்திருக்கும். அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். தலைப்பைத் துடைத்தாலும் அது போகாது. கதிர்வீச்சு அளவைக் காட்டும், பெயரும் பதிந்த சி.டி.யின் டோஸ் பக்கத்தையும் மறந்துவிடுவார்கள். இவை எல்லாவற்றையும் விட மோசமானது, ஸ்கேன் சீட்டையே ஸ்கேன் செய்து ஒரு சீரிஸாக அதே ஆய்வுக்குள் சேர்த்து வைக்கும் வழக்கம். பெயர், வயது, ஊர், சில சமயம் போன் நம்பர் வரை அதில் இருக்கும். தலைப்பகுதி ஸ்கேனில் முகமே இருக்கிறது. 2019ல் மேயோ கிளினிக் குழு ஒன்று 84 தன்னார்வலர்களின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை உருவாக்கி, புகைப்படங்களோடு ஒப்பிடும் மென்பொருளிடம் கொடுத்தது. 70 பேரைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டது. துறைக்குள் காட்டுவதற்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையத்தில் போடப் போகிறீர்கள் என்றால் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் இலவசமாகத் தரும் சிடிபி என்ற மென்பொருள் இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்துவிடும். தேதிகளை நீக்காமல், எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தும்படி அமையுங்கள். அப்போதுதான் இரண்டு ஸ்கேன்களுக்கு இடையில் எத்தனை நாள் என்பது கெடாது. பெயர் நீக்கிய ஆய்வுகளுக்குத் தனி சர்வர் வேண்டும். பெல்ஜியத்தில் உருவான ஆர்தாங்க் என்ற சர்வர் மென்பொருள் ஒரு சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஓடும். நோயாளிகளைக் கவனிக்கும் பேக்ஸின் பாஸ்வேர்டை மாணவர்களுக்குள் சுற்றவிடுவதை இத்தோடு நிறுத்திவிடலாம். மானிட்டரை மொபைலில் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதையும்தான். மூலையில் பெயர் தெளிவாகத் தெரியும். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் கற்பித்தல் தொகுப்புக்கு எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள். துறைக்கு வெளியே போகும் எதற்கும் நோயாளியின் சம்மதம் கேட்பதைப் பழக்கமாக்குங்கள்.

செலவைப் பற்றி நிர்வாகம் கேட்கும். 512க்கு 512 புள்ளிகள் கொண்ட ஒரு சி.டி. ஸ்லைஸ் அரை மெகாபைட். ஐந்நூறு ஸ்லைஸ் கொண்ட ஆய்வு 250 மெகாபைட், ஆயிரம் ஆய்வுகள் 250 ஜிகாபைட். கடையில் வாங்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும். இன்னொரு டிஸ்க்கில் நகல் வையுங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. பாடத்துக்கு நல்ல லேப்டாப் திரை தாராளம். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் மட்டும் விதிவிலக்கு. அதை 5 மெகாபிக்சல் மானிட்டரில்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புரொஜெக்டரில் போட்டு நுண் சுண்ணாம்புப் படிவுகளைக் காட்ட முயல்வது எல்லாருக்கும் நேர விரயம்.

மாணவர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள்: "பரீட்சையில் ஸ்பாட்டர்தானே சார் வைக்கிறார்கள், ஒற்றைப் படம், ஒரு நிமிஷம்." நியாயம்தான். பரீட்சைக்கு முந்தைய சில மாதங்கள் ஆல்பத்தைத் திறந்துகொள்ளட்டும், வேகமும் ஒரு திறமைதான். அதை முதலாம் ஆண்டிலேயே தொடங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இந்த மாதிரித் தொகுப்புகள் பாதியில் சாவதற்குக் காரணம் மென்பொருளோ பணமோ இல்லை. முடிவு தெரியாத கேஸ்கள் சேர்ந்துபோவதுதான். ரிப்போர்ட் எழுதும்போது "டீச்சிங்" என்று குறித்துவிடுவோம், பயாப்ஸி பத்து நாள் கழித்து வேறொரு துறைக்கு வரும், யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு மாணவர் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே பெயர் எழுதுங்கள். நோயியல் துறைக்குப் போய் முடிவை வாங்குவது, ஆபரேஷன் குறிப்பைப் பார்ப்பது, மறுபடி ஸ்கேன் எடுத்தால் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. மூன்று மாதம் ஆகியும் முடிவு தெரியவில்லை என்றால் அந்தக் கேஸைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம். மூன்றாம் ஆண்டு மாணவர் பரீட்சை விடுப்பில் போகும் முன் தன் பட்டியலை முதலாம் ஆண்டு மாணவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தாரா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.